முப்பது மீட்டர் கயிறு

போன மாதம் ஒரகடம் பக்கத்துப் பள்ளி ஒன்றில் கணக்கு ஆசிரியர்களின் கூட்டம் நடந்தது. ஓய்வு பெற்றவர்களில் இன்னும் பஸ் ஏறக்கூடியவள் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அங்கே ஓர் இளம் ஆசிரியை உள்ளங்கையில் அடங்கும் கருவி ஒன்றைக் காட்டினார். பொத்தானை அழுத்தினால் எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது; உடனே கருவியின் முகத்தில் தூரம் தெரிகிறது. அந்த அறையின் நீளம் எட்டு மீட்டர் பன்னிரண்டு சென்டிமீட்டர். எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். நானும் குறித்துக்கொண்டேன், பழக்கம் விடவில்லை. பிறகு, இது சரியென்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அவர் மறுபடி அழுத்தினார். அதே எண். இன்னொரு முறை அழுத்தினார். அதே எண்.

"பாருங்க மேடம், மூணு தடவையும் ஒண்ணுதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் தன்னைக் கேலி செய்வதாக நினைத்திருக்கலாம். உண்மையில் நான் சிரித்தது என்னைப் பார்த்து. 1991-இல் அதே வார்த்தைகளை நான் சொன்னேன். அதனால் எட்டுப் பேருக்கு மூன்று வாரம் வேலை நின்றுபோனது. கூட்டத்தில் அவசரமாகச் சொன்ன கதையை முழுசாக எழுதித் தரும்படி அந்த ஆசிரியை கேட்டார். அந்த வருடத்து நாட்குறிப்பை மடியில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பயிற்சிக் காலம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காஞ்சிபுரத்தில் இரண்டு வருடம். கரும்பலகையில் கோணாமல் எழுதவும், பாடக்குறிப்பை நான்கு பத்திகளாகப் பிரிக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். மற்றதைப் பிள்ளைகளிடம் கற்றேன். வல்லம் வடகால் பக்கத்து நடுநிலைப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது எனக்கு முப்பது வயது. சுங்குவார்சத்திரத்தில் வாடகை வீடு. ஒரு பஸ், பிறகு ஏரிக்கரையோடு இருபத்தைந்து நிமிட நடை.

அந்தப் பள்ளியில் இரண்டு பணியிடங்கள் காலி. அதனால் ஏழாம் வகுப்புக்குக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் மூன்றும் என் தலையில் விழுந்தன. முப்பத்தெட்டுப் பிள்ளைகள். மூன்று பாடத்துக்கும் தனித்தனியாகத் தயார்செய்ய நேரம் போதவில்லை. ஒரே வேலையில் மூன்றையும் நடத்தினால் என்ன என்று தோன்றியது. புதுமை செய்யும் எண்ணமெல்லாம் இல்லை, ஆள் இல்லாத குறைதான் காரணம். ஒரு பாட்டிலில் மழைநீர் பிடித்து அளந்தோம். அரச இலையைக் கட்டத்தாளில் வைத்துப் பரப்பு எண்ணினோம். ஒருநாள் நூலும் அளவுகோலும் கொடுத்து, கையில் அகப்பட்ட வட்டங்களையெல்லாம் அளக்கச் சொன்னேன். தவலை மூடி, சைக்கிள் சக்கரம், வளையல், மைப்புட்டியின் வாய். சுற்றளவைக் குறுக்களவால் வகுத்தால் எல்லாவற்றுக்கும் மூன்றும் கொஞ்சமும் வந்தது. கரும்பலகை முழுவதும் அதே விடை. பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல், நிலாவுக்கும் இதேதானா என்று கேட்டது. ஆமாம் என்றேன். அதுவரை அதை நூறு முறை சொல்லிக்கொடுத்திருப்பேன், ஒருமுறைகூட ஆச்சரியப்பட்டதில்லை.

நிலாவைப் பற்றிக் கேட்ட குரல் லூர்து மேரியுடையது. அவள்தான் அந்த வருடம் எனக்குப் பிடிபடாத பிள்ளை. தேர்வில் விடையை மட்டும் எழுதுவாள். வழி எழுத மாட்டாள். எப்படி வந்தது என்று கேட்டால் தரையைப் பார்ப்பாள். விடை பெரும்பாலும் சரியாக இருக்கும். முந்தைய ஆசிரியர் அவளைக் காப்பியடிப்பவள் என்று முடிவு கட்டி, பதிவேட்டில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். நான் அந்தப் பென்சில் குறியை அழிக்கவில்லை, நம்பவும் இல்லை. அவளுடைய அப்பா சவரி கொத்தனார்; கரணை என்கிற பூச்சுக் கரண்டிதான் அவர் பிழைப்பு.

தலைமையாசிரியர் வேதாசலம் சாரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒல்லியான மனிதர். கைக்கடிகாரத்தை உள்மணிக்கட்டில் கட்டியிருப்பார். மணி பார்த்தால் உள்ளங்கையைப் படிப்பதுபோல இருக்கும். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. விடுப்பு, குறை, யோசனை, சண்டை, எதைக் கொண்டுபோனாலும் கடைசிவரை கேட்டுவிட்டு ஒரே பதில்தான் சொல்வார்: "எழுதிக் கொடுங்க." எழுதிக் கொடுத்தால் நம் எதிரிலேயே படிப்பார். ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் பேனாவால் சிறு புள்ளி வைத்துக்கொண்டு வருவார். வாக்கியம் அவருக்கு ஒப்பவில்லை என்றால் பேனா நின்றுவிடும். அதை நாம் மாற்றும்வரை நகராது.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் மைதானத்தை அளக்க அனுமதி கேட்டபோதும் எழுதித்தான் கொடுத்தேன். இரண்டாவது வரியில் பேனா நின்றது.

"வெளியே போனா என்ன கத்துப்பாங்கன்னு எழுதலியே டீச்சர்?"

"எனக்கும் தெரியலை சார். போய்ப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

"அதையே எழுதுங்க" என்றார். எழுதினேன். புள்ளி வைத்தார், கையெழுத்துப் போட்டார். ஆனால் ஒரு நிபந்தனை சொன்னார். மேலிடத்திலிருந்து ஏற்கெனவே ஒருமுறை, பாட நேரத்தில் பிள்ளைகள் வெளியே திரிவதாகக் கேள்வி வந்திருக்கிறது. ஏதாவது தப்பாகப் போனால் இந்த வகுப்பு இதோடு நின்றுவிடும். அவரால் காப்பாற்ற முடியாது.

ஸ்ரீபெரும்புதூர்ச் சந்தையில் சணல் கயிறு வாங்கினேன், சுண்டுவிரல் கனம். புதுக் கயிறு முறுக்கோடு இருக்கும். தரையில் போட்டால் நெளிந்து எழும், நேராகப் படுக்காது. எங்கள் பக்கத்தில் புதுக் கயிறு வாங்கினால் முதல் வேலையாக அதை ஊறப்போடுவார்கள். மாட்டுக்குக் கட்டுவதானாலும் கிணற்றுக்கானாலும் அப்படித்தான். ஊறினால் முறுக்கு இறங்கி, சொன்னபடி கேட்கும். யாரும் சொல்லாமலேயே பிள்ளைகள் கயிற்றைப் பள்ளித் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலை முதல் பாடவேளையில் அதை எடுத்து, இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே இழுத்துப் பிடித்தோம். வகுப்புக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும் மீட்டர் கட்டையை அதன் மேல் முப்பது முறை வைத்தோம். ஒவ்வொரு மீட்டருக்கும் சிவப்புத் துணி, பத்தாவது மீட்டருக்கு நீலத் துணி. முடிச்சுப் போட்டால் நீளம் குறையும் என்று, துணியை நூலால் சுற்றிக் கட்டச் சொன்னேன். அந்த முன்யோசனையை நாட்குறிப்பில் பெருமையாக எழுதியிருக்கிறேன். கயிறு அப்போது சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. அதை எழுதவில்லை.

அளப்பதற்கு நான்கு பேர் கொண்ட குழு. இருவர் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடிக்க வேண்டும், ஒருவர் வாய்விட்டு எண்ண வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். கயிறு முடியும் இடத்தில் குச்சி நட்டுவிட்டுத்தான் நகரலாம். பள்ளிச் சுவரிலிருந்து தெற்கு எல்லை வரை, மூன்று வெவ்வேறு நாளில், மூன்று குழு. ஆகஸ்ட் மாதம், நல்ல வெயில். மூன்று நாளும் விடை தொண்ணூறு மீட்டர் முப்பது சென்டிமீட்டர். மூன்றாம் நாள் அந்த எண் மறுபடி வந்தபோது பிள்ளைகள் கைதட்டினார்கள். நான்கு பெரிய தாள்களை ஒட்டி, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம் மைதானத்தை வரைந்தோம். நேற்றுவரை ஓடி விளையாடிய மண் ஒரு காகிதத்தில் தன் உருவத்தோடு படுத்திருப்பதை அவர்கள் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஒரு பையன் தாளில் வேப்பமரம் இருக்கும் இடத்தில் விரலை வைத்து, நிழல் இங்கேதான் விழும் என்று அடுத்தவனுக்குக் காட்டினான்.

பெருமையோடு படத்தைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் பீரோவைத் திறந்து பள்ளி நிலத்தின் அரசாங்க வரைபட நகலை எடுத்துப் பக்கத்தில் விரித்தார். அதில் அதே பக்கம் தொண்ணூற்று மூன்று மீட்டர்.

இரண்டு மீட்டர் எழுபது சென்டிமீட்டர் காணவில்லை.

தெற்கு எல்லையில்தான் புதுத் தொழிற்சாலையின் சுற்றுச்சுவருக்கு அஸ்திவாரம் தோண்டி, கல் கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே என்ன செய்யப்போகிறார்கள் என்று ஊரில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. அந்த நிலமெல்லாம் போன வருடம்வரை நெல் விளைந்தது. விற்றவர்கள் தாங்களே கையெழுத்துப் போட்டு விற்றார்கள். விற்ற நிலத்தைப் பற்றிப் பேச யாருக்கும் வாய் இல்லை. விற்காத இந்த ஒன்பது அடியைப் பற்றிப் பேச எல்லோருக்கும் வாய் வந்துவிட்டது. பெற்றோர் சங்கத் தலைவர் முனிரத்தினம் மறுநாளே பதினைந்து பேரோடு பள்ளிக்கு வந்தார். பிள்ளைகள் வரைந்த படத்தைப் பார்த்தார். மூன்று நாள், மூன்று குழு, ஒரே விடை என்று நான்தான் அவருக்கு விளக்கினேன். பள்ளி நிலத்துக்குள் சுவர் கட்டுகிறார்கள் என்று தாசில்தாருக்கு மனு எழுதப்பட்டது. தலைமையாசிரியர் கையெழுத்திட்டார். நில அளவையர் வந்து அளக்கும்வரை தெற்குப் பக்க வேலையை நிறுத்திவைக்கும்படி செப்டம்பர் கடைசியில் உத்தரவு வந்தது. அந்தப் பக்கம் வேலை செய்த எட்டுப் பேரையும் ஒப்பந்தக்காரர் நிறுத்திவிட்டார். எட்டுப் பேரும் உள்ளூர். அவர்களில் ஒருவர் சவரி.

பத்து நாள் கழித்து டீக்கடை வாசலில் பஸ்ஸுக்கு நின்றபோது சவரி என்னிடம் வந்தார். கோபமாகப் பேசவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

"டீச்சர், நீங்க புள்ளைங்களுக்குக் கணக்குதான சொல்லிக் குடுத்தீங்க. அது எப்படி எங்க கரணையில வந்து வுயுந்துது?"

கடைக்குள்ளிருந்து யாரோ சிரித்துக்கொண்டே, "உன் பொண்ணுதானப்பா கயித்தோட அந்தக் கோடியப் புடிச்சது. அப்பன் கட்டுனத பொண்ணு அளந்தே இடிச்சுட்டா" என்றார்.

சவரி திரும்பிப் பார்க்கவில்லை. "அவ அளந்திருந்தா சரியாத்தான் இருக்கும்" என்றார். பிறகு என்னிடம், "ஆனா நான் கட்டுன கல்லு கம்பெனிக்காரங்க அடிச்ச எல்லை முளை மேலதான் கீது டீச்சர். ஒரு தபா திரும்ப அளந்து பாருங்களேன்" என்றார்.

"மூணு தடவை அளந்தாச்சுங்க. மூணு தடவையும் ஒண்ணுதான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். ஒரு டீச்சர் சொன்னால் அதற்கு மேல் அவர் என்ன பேச முடியும்?

அளவையர் வெள்ளிக்கிழமை காலை வருவதாகத் தகவல் வந்தது. அது அக்டோபர். செவ்வாய் இரவு நல்ல மழை. கயிறு வராந்தாவின் கம்பியில் கிடந்து முழுக்க நனைந்திருந்தது. புதன்கிழமை மதியம் வானம் கொஞ்சம் வெளுத்தது. அளவையர் எதிரில் பிள்ளைகள் தடுமாறக்கூடாதே என்று ஒத்திகைக்குக் கூட்டிப்போனேன். முதல் குழு லூர்துவுடையது. அவர்கள் அளந்து முடிக்கும்போதே மறுபடி தூறல் பிடித்துவிட்டது, வகுப்புக்கு ஓடி வந்தோம். நோட்டை வாங்கிப் பார்த்தேன். தொண்ணூற்று மூன்று மீட்டர் என்று எழுதியிருந்தாள்.

சிவப்புப் பேனாவால் "தவறு" என்று எழுதி, கீழே கோடு போட்டேன். எண்ணும்போது எங்கோ விட்டிருப்பாய் என்றேன். அவள் வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். பிறகு, என் வகுப்பில் முதல்முறையாக, கேட்காமலே பேசினாள்.

"தப்பா எண்ணல டீச்சர். கயிறுதான் குட்டையாயிட்ச்சி."

"கயிறு என்ன ரப்பரா?" என்றேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. முன் பெஞ்சுப் பையன் ஒருவன், "அவங்க அப்பாவுக்கு வேலை வேணும் டீச்சர், அதான்" என்றான். அவனை நான் கண்டித்தேன். ஆனால் அவன் சொன்னதைத்தான் நானும் ஒரு நொடி நினைத்தேன். இதையும் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். எழுதாமல் விட்டிருந்தால் இத்தனை வருடத்தில் நினைக்கவே இல்லை என்று நம்பியிருப்பேன்.

வியாழன் காலை எட்டு நாற்பதுக்குப் பள்ளிக்குள் நுழைந்தேன். வராந்தாவில் லூர்து மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கயிற்றின் ஒரு நுனியைத் தூணில் கட்டியிருந்தாள். மறு நுனியை அவளுடைய தோழி இழுத்துப் பிடித்திருந்தாள். லூர்து மீட்டர் கட்டையைத் துணிக்குத் துணி வைத்துக்கொண்டு வந்தாள். நான் நின்று பார்த்தேன். வராந்தாவின் நீளம் போதாது. பத்துப் பத்தாக மூன்று தடவை அளந்தாள். முடித்துவிட்டு நிமிர்ந்தவள் என்னைக் கண்டதும் எழுந்துவிட்டாள்.

"இப்ப ஈரமா கீது டீச்சர். துணி எல்லாம் கட்டைக்குச் சரியா இருக்குது. முப்பது. காஞ்சப்புறம் பாக்கணும்."

"உனக்கு எப்படித் தோணுச்சு?"

"எங்க வூட்டுல துணி காயப்போட கயித்துக் கொடி கட்டியிருக்கோம். மழை வந்தா விறைச்சிக்கும், புடுங்கினு வந்துடும். வெயில் வந்தா தொங்கிடும். துணி தரையில படும். அம்மா என்னைத்தான் இழுத்துக் கட்டச் சொல்லும்."

எங்கள் வீட்டிலும் கொடி உண்டு. மழைக்காலத்தில் நானே எத்தனையோ முறை தளர்த்திக் கட்டியிருக்கிறேன். அந்தக் கொடியும் இந்தக் கயிறும் ஒன்று என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் அது கொடி. பள்ளிக்கு வந்தால் அது அளவுகோல் என்று வைத்திருந்தேன்.

அன்று மழை இல்லை, நல்ல வெயில் அடித்தது. மற்றப் பாடங்களை நிறுத்திவிட்டேன். கயிற்றை வெயிலில் காயப்போட்டு, குறிப்பிட்ட நேரத்துக்கு எடுத்து, அதே இரண்டு வேப்பமரங்களுக்கு நடுவே அதே இரண்டு பேர் இழுத்துப் பிடிக்க, அதே மீட்டர் கட்டையால் அளந்தோம். நாட்குறிப்பில் உள்ளபடி: காலை ஒன்பது மணிக்கு முப்பது மீட்டர். பதினொன்றுக்கு முப்பது மீட்டர் இருபத்தைந்து. ஒரு மணிக்கு முப்பது மீட்டர் அறுபது. மூன்றரை மணிக்கு முப்பது மீட்டர் எண்பத்தெட்டு.

ஒவ்வொரு எண்ணையும் கட்டத்தாளில் புள்ளியாக வைத்தோம். புள்ளிகளைக் கோட்டால் இணைத்தபோது கோடு ஏறியது, கடைசியில் ஏற்றம் சற்றுத் தணிந்தது. வரைபடம் என்றால் பாடப்புத்தகத்தில் கொடுத்த எண்ணை வைத்து வரைவது என்றுதான் எனக்குத் தெரியும். அன்று ஒரு கயிறு காய்வதைக் கோடாகப் பார்த்தேன். முப்பத்தெட்டுப் பிள்ளைகளும் மேசையைச் சுற்றி நெருக்கிக்கொண்டு நின்றார்கள். கேலி செய்த பையன் லூர்துவின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஈரத்தில் குறித்த கயிறு, காய்ந்தபின் நீண்டுவிட்டது. நாங்கள் ஒரு மீட்டர் என்று எண்ணியது ஒவ்வொன்றும் ஒரு மீட்டரும் மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவும். அதனால்தான் எண்ணிக்கை குறைந்தது. நிலம் குறையவில்லை. மூன்று நாளும் ஒரே விடை வந்ததற்குக் காரணம், மூன்று நாளும் ஒரே பிழையை எடுத்துக்கொண்டு போனதுதான். பழைய விடையைத் திருத்திக் கணக்கிடச் சொன்னேன். தொண்ணூற்றிரண்டு மீட்டர் தொண்ணூற்றைந்து சென்டிமீட்டர் வந்தது. லூர்து முதல்முறையாக வழியையும் எழுதியிருந்தாள்.

மூன்று ஐம்பதுக்குத் தலைமையாசிரியர் அறைக்குப் போனேன். சொன்னேன். கடைசிவரை கேட்டார்.

"யார் கண்டுபிடிச்சது?"

"லூர்து மேரி சார்."

"சவரி பொண்ணா?" கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஊர்ல என்ன சொல்லுவாங்க தெரியுமா டீச்சர்? அப்பனுக்காகப் பொண்ணு கணக்கை மாத்திட்டா, டீச்சரும் சாரும் கம்பெனி பக்கம் சாஞ்சுட்டாங்கன்னு. அந்தப் புள்ள நாளைக்கு இந்த ஊர்ல நடக்கணுமே."

நாளை அளவையர் எப்படியும் அளப்பார், உண்மை தெரிந்துவிடும், நாம் பேசாமல் இருந்தால் என்ன என்று கேட்டேன். கேட்டதற்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"அளவையர் அளந்தா அவரையும் விலைக்கு வாங்கிட்டாங்கன்னு சொல்லுவாங்க" என்றார். "எழுதிக் கொடுங்க."

அரைப் பக்கம் எழுதினேன். புள்ளி வைத்துக்கொண்டே வந்தவர் நான்காவது வாக்கியத்தில் நின்றார். "கயிற்றில் பிழை ஏற்பட்டது" என்று எழுதியிருந்தேன். பேனா நகரவில்லை. நான் தாளை வாங்கி அதை அடித்து, "கயிற்றை ஈரமாக இருக்கும்போது குறித்தது என் பிழை" என்று எழுதினேன். புள்ளி வைத்தார். பிறகு அதன் கீழே தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: "சரிபார்க்காமல் மனுவில் கையெழுத்திட்டது என் பிழை." அதற்கும் ஒரு புள்ளி வைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஊரே மைதானத்தில் நின்றது. ஒப்பந்தக்காரரின் ஆள் ஒரு பக்கம், முனிரத்தினமும் அவரோடு வந்தவர்களும் ஒரு பக்கம். சவரியும் மற்ற ஏழு பேரும் தள்ளி, தோண்டிய மண்மேட்டின் மேல் நின்றார்கள். அளவையர் காக்கிப் பையிலிருந்து முப்பது மீட்டர் இரும்புச் சங்கிலியை எடுத்தார். தலைமையாசிரியர் அவரிடம் ஐந்து நிமிடம் தனியாகப் பேசினார். பிறகு கூட்டத்தின் நடுவே வந்தார். லூர்துவின் பெயரைச் சொல்லவில்லை. எங்கள் தாளையும் படிக்கவில்லை.

"முனிரத்தினம், கொஞ்சம் வாங்க. இந்தக் கயித்தோட நுனியைப் புடிங்க" என்றார்.

சங்கிலியைத் தரையில் நீட்டி, அதன் பக்கத்தில் காய்ந்த கயிற்றை நீட்டினார்கள். ஒரு நுனியை முனிரத்தினம் பிடித்தார், மறு நுனியை அவரோடு வந்தவர்களில் ஒருவர். சங்கிலி முடிந்த இடத்தைத் தாண்டிக் கயிறு ஏறக்குறைய மூன்று அடி நீட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் குனிந்து பார்த்தது. தலைமையாசிரியர் கயிற்றைத் தொட்டியில் போடச் சொன்னார். முக்கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்றார். அந்தத் தொட்டியின் பக்கத்தில் யாரும் போகாமல் முனிரத்தினத்தையே காவலுக்கு நிற்கவைத்தார். உள்மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி மணி பார்த்தார். நேரம் ஆனதும் முனிரத்தினமே கயிற்றை எடுத்து வந்து, தண்ணீர் சொட்ட, அதே இடத்தில் இழுத்துப் பிடித்தார்.

கயிறு சங்கிலியோடு முடிந்தது. விரல்கடை வித்தியாசம்.

முனிரத்தினம் கயிற்றை விடாமல் வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஆமாம்பா, மாட்டுக் கயிறு மழையில இறுகுது, பாத்துருக்கேன்" என்றார், யாருக்கும் சொல்லாமல் தனக்கே சொல்வதுபோல. பின்னால் ஒருவர், "அப்ப ஊறப்போட்ட நாம எல்லாரும் முட்டாளா?" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் மூன்று வாரத்துச் சூடு இறங்கியதை என்னால் உணர முடிந்தது. ஒரு வார்த்தை வாதாடாமல், ஒரு பிள்ளையின் சொல்லை யாரும் நம்பவேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிட்டார் அந்த மனிதர். அத்தனை வருடம் கணக்கு நடத்தியும், நிரூபணம் என்றால் என்ன என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு அளவையர் அளந்தார். தொண்ணூற்றிரண்டு மீட்டர் தொண்ணூற்றேழு. சவரியின் கல், அடித்த முளையின் மேலேயே இருந்தது. தாசில்தாருக்கு எழுத வேண்டியதை அளவையர் எழுதினார். ஒப்பந்தக்காரரின் ஆள், திங்கள் முதல் எட்டுப் பேரும் வரலாம் என்றார். சவரி மண்மேட்டிலிருந்து இறங்கி வந்தார். மகளைப் பார்த்து, "போய் அந்தக் கயித்தைச் சுருட்டி வெயில்ல போடு" என்றார். சொல்லிவிட்டு அவரே தடுமாறி, "இல்ல, நெழல்ல போடு. எங்க போடணும்ன்னு உனக்குத்தான் தெரியும்" என்றார்.

வெளி வகுப்பு நிற்கவில்லை. மேலிடத்திலிருந்து மறுபடி வந்த கேள்விக்குத் தலைமையாசிரியர் பதிலாக எங்கள் அரைப் பக்கத் தாளின் நகலையே அனுப்பினார். அதற்குப் பிறகு கேள்வி வரவில்லை.

ஆனால் என் நாட்குறிப்பில் அந்த வெள்ளிக்கிழமை இவை எதனோடும் முடியவில்லை. அளவையர் சங்கிலியை மடிக்கத் தொடங்கியபோது லூர்து உதவிக்குப் போனாள். ஒரு கண்ணியைத் தொட்டவள் கையை உதறினாள். உச்சி வெயிலில் இரும்பு கொதித்தது. அவள் சங்கிலியைப் பார்த்தபடியே நின்றாள். பிறகு அவரிடம் எதையோ மெல்லக் கேட்டாள். அளவையர் சிரிக்கத் தொடங்கினார். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, மடித்த சங்கிலியைக் கீழே வைத்தார்.

"உண்டும்மா" என்றார். "ரொம்பக் கொஞ்சம். சுண்டுவிரல் நகம் அளவு. ஆனா உண்டு. இருபது வருஷமா அளக்குறேன், யாரும் என்னை இதைக் கேட்டதில்ல."

தலைமையாசிரியர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். எங்களிடம் சொல்லும் அதே குரலில், அதே மரியாதையோடு, "அதை எழுதிக் கொடும்மா" என்றார்.

லூர்து ஓடிப்போய்க் கணக்கு நோட்டை எடுத்து வந்து திறந்தாள். புதன்கிழமைப் பக்கம் வந்தது. "தவறு" என்ற என் சிவப்பு எழுத்து பெரிதாகத் தெரிந்தது. தலைமையாசிரியர் அதைப் பார்த்தார். நான் அவளிடம் பேனாவைக் கேட்டு வாங்கி, அந்தச் சொல்லுக்குப் பக்கத்தில் "என்னுடையது" என்று எழுதி, தேதி போட்டுக் கையெழுத்திட்டேன். அதன் கீழே இருந்த காலி இடத்தில் அவள் தன் கேள்வியை எழுதினாள். தலைமையாசிரியர் தன் பேனாவைத் திறந்து, அதன் முடிவில் ஒரு சிறு புள்ளி வைத்தார். அன்று மாலை அதை அப்படியே நாட்குறிப்பில் எழுதிவைத்தேன்:

"கயிறு மழையில் குறைந்தது. இந்தச் சங்கிலி வெயிலில் நீளுமா? அப்படியென்றால், மாறாத எதை வைத்து முதல் மீட்டரை அளந்தார்கள்?"